கொச்சியில் ஒரு ‘பரதேசி’ ஆலயம்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

நம் திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று சுற்றிலும் நோக்குவோமாயின், வடக்கே காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துக் கோபுரங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். கீழே தெப்பக்குளத்தின் அருகே லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரம் தெரியும். நத்தர்வலி தர்காவின் கவிகை மாடமும் தெரியும். ஆனால் எத்தனை நேரம் நின்று பார்த்தாலும் யூதர் ஆலயம் ஒன்றை மட்டும் காணமாட்டோம்.

ஆயினும் ஞாயிறுதோறும் நற்செய்தி வாசகத்தில் ‘தொழுகைக்கூடம்’ என்ற சொல்லைக் கேட்கிறோம். நம் ஆண்டவர் இயேசு நாசரேத்து ஊரில் ஓய்வுநாளன்று தொழுகைக்கூடத்துக்குச் சென்றார், எசாயாவின் ஏட்டுச்சுருளை வாங்கி விரித்து வாசித்தார், பிறகு சுருட்டி ஏவலரிடம் கொடுத்துவிட்டு அமர்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தச் சுருள் எப்படி இருக்கும்? எந்த இடத்தில் நின்று வாசிப்பார்கள்? கேட்டவர்கள் எங்கே அமர்ந்திருந்தார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் பாலஸ்தீனம் வரை போக வேண்டியதில்லை. இரவில் திருச்சிச் சந்திப்பில் இரயிலேறினால் காலையில் எறணாகுளம். அங்கிருந்து படகிலோ பேருந்திலோ மட்டாஞ்சேரி. அங்கே யூதர் தெருவின் கோடியில் 1568-ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட யூதர் ஆலயம் ஒன்று இன்றும் நிற்கிறது.

தமிழகத்தில் யூதர்களே வாழவில்லையா என்று கேட்கலாம். வாழ்ந்தார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் பவழத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர்கள் இருந்தார்கள். 1688-இல் சென்னை மாநகராட்சி ஏற்பட்டபோது அதன் ஆல்டர்மென்களிலும் யூதர்கள் இருந்தனர். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. அவர்களுடைய ஆலயம் நிலைக்கவில்லை. லாயிட்ஸ் சாலையில் சில கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. ஆகவேதான் கொச்சிக்குப் போகிறோம்.

இந்த ஆலயத்தின் பெயரைக் கேட்டால் நம் தோழியர் சிரிப்பார்கள். ‘பரதேசி சினகாக்’ என்பது அதன் பெயர். நம் ஊரில் ‘பரதேசி’ என்றால் வீடு வாசல் இல்லாமல் சுற்றித் திரிபவன் என்று பொருள். சண்டையில் திட்டுவதற்கும் பயன்படும். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘பர தேசத்தைச் சேர்ந்தவர்’, அதாவது வேற்று நாட்டார் என்பதே அதன் நேர்ப்பொருள். வசையாக அல்ல, வந்த வழியைக் காட்டும் பெயராகவே கொச்சி யூதரில் ஒரு பிரிவார் அதைத் தாங்கினார்கள். அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கேரளக் கரையில் வாழ்ந்துவந்த யூதர்கள் வேறு. அவர்களை மலபார் யூதர் என்பர். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இது பெரிய விஷயமாக வரும்.

பழைய யூதர்கள் முதலில் குடியிருந்தது கொச்சியில் அன்று, கொடுங்கல்லூரில். பெரியாறு கடலில் கலக்கும் அவ்விடத்தையே பழந்தமிழர் முசிறி என்று அழைத்தனர் என்பர். (நம் மாவட்டத்துக் காவிரிக்கரை முசிறி வேறு.) யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியைச் சங்க இலக்கியம் கூறுவதைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். மிளகைத் தேடி வந்தவர்களோடு யூத வணிகரும் வந்திருக்க வேண்டும். சாலமோன் அரசர் காலத்திலேயே வந்தார்கள் என்றும், கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டபின் வந்தார்கள் என்றும் அவர்களுக்குள் மரபுக் கதைகள் உண்டு. கதைகள் எவ்வாறாயினும் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்று ஒன்று உள்ளது. அதுவே புகழ்பெற்ற செப்பேடு.

ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேரப் பெருமாள் பாஸ்கர ரவி என்னும் அரசர், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிப் பொறித்துக் கொடுத்த பட்டயம் அது. தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்டு இந்தப் பரதேசி ஆலயத்துக்கு வந்து சேர்ந்தது. 2017-இல் நம் நாட்டுப் பிரதமர் இஸ்ரேலுக்குச் சென்றபோது இதன் பிரதி ஒன்றைத்தான் பரிசாகக் கொண்டு சென்றார். அது எபிரேயத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எழுத்து, பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் வழங்கிய நம் வட்டெழுத்து. மொழியோ, மலையாளம் தமிழினின்று முற்றும் பிரிந்துவிடாத காலத்து மொழி. ஆகையால் அதிலுள்ள பல சொற்கள் நமக்கும் விளங்கும். பகல்விளக்கு ஏற்றிச் செல்லும் உரிமை, குடை பிடிக்கும் உரிமை, தோரணம் கட்டும் உரிமை, ‘பாவாடை’ உரிமை. நாம் உடுத்தும் பாவாடை இல்லை இது. பெரியோர் நடந்து வரும்போது கால் மண்ணில் படாதபடி தரையில் விரிக்கும் துணிக்கு அக்காலத்தில் பாவாடை என்று பெயர். இந்த உரிமைகளெல்லாம் ரப்பானின் ஆண்மக்களுக்கு மட்டுமன்றிப் பெண்மக்களுக்கும், அப்பெண்களை மணக்கும் மருமக்களுக்கும் உண்டு என்று பட்டயம் சேர்த்துச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சாசனத்தில் பெண்மக்களை மறக்காத அரசரை நாம் பாராட்டாமல் இருக்க முடியுமா?

1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து கொடுங்கல்லூர்த் துறைமுகம் மணலால் தூர்ந்தது. கொச்சியில் புதிய துறை திறந்தது. வணிகம் தெற்கே நகர, மக்களும் நகர்ந்தனர். கொச்சங்காடி என்னுமிடத்தில் 1344-இல் யூதர் ஆலயம் ஒன்று எழுந்தது. அக்கட்டடம் இன்று இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் பரதேசி ஆலயத்தின் முற்றத்துச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது.

இனிப் ‘பரதேசிகள்’ வந்த கதையைப் பார்ப்போம். 1492-இல் ஸ்பெயின் நாட்டரசர் தம் நாட்டு யூதர்களை, ‘ஒன்று திருமுழுக்குப் பெறுங்கள், அல்லது வெளியேறுங்கள்’ என்று ஆணையிட்டு விரட்டினர். 1497-இல் போர்ச்சுகலில் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினர். வீடு இழந்தவர்கள் துருக்கி, சிரியா என்று பல நாடுகளில் அலைந்து, சிலர் கொச்சிக்கும் வந்து சேர்ந்தனர். பிற்காலத்தில் அலெப்போவிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வணிகர்கள் வந்து அவர்களோடு கலந்தனர். ஆனால் அவர்களைத் துரத்திய போர்ச்சுகீசியர்களும் கப்பலேறி அதே கொச்சிக்கு வந்து கோட்டை கட்டியிருந்தார்கள். 1560-இல் கோவாவில் சமய விசாரணை மன்றமும் ஏற்பட்டது. கொடுங்கல்லூரில் எஞ்சியிருந்த யூதர்களும் போர்களாலும் துன்பங்களாலும் கொச்சிக்கு ஓடிவந்தார்கள். இவர்களுக்கெல்லாம் அடைக்கலம் கொடுத்தவர் கொச்சி அரசர். தம் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். அங்கே யூதர் தெரு உண்டாயிற்று. 1568-இல் ஆலயமும் எழுந்தது.

இடம் எங்கே என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலயத்துக்கும் அரண்மனை வளாகத்திலுள்ள பழயன்னூர் பகவதி கோவிலுக்கும் இடையே ஒரே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் எபிரேயச் செபம், அந்தப் பக்கம் கோவில் மணி. ஊருக்கு வெளியே புறம்போக்கு நிலத்தைக் காட்டாமல், தாம் வழிபடும் கோவிலின் சுவரோடு ஒட்டி இடம் தந்த அரசரின் மனத்தை எண்ணிப் பார்க்கிறோம். அரசர் தம் அண்டை வீட்டாராகவே அவர்களை வைத்துக்கொண்டார்.

இவ்விடத்தில் கத்தோலிக்கப் பள்ளி மாணவியராகிய நாம் ஒன்றைக் கூசாமல் சொல்ல வேண்டும். 1662-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடிக்க முயன்று தோற்றுப் பின்வாங்கினார்கள். டச்சுக்காரருக்கு உதவினார்கள் என்று சினங்கொண்ட போர்ச்சுகீசியர்கள் யூதர் தெருவைச் சூறையாடினர். ஆலயத்துக்குத் தீ வைத்தனர். அவர்கள் கத்தோலிக்கர்களே. மறு ஆண்டு டச்சுக்காரர் திரும்பி வந்து வென்றபின், 1664-இல் ஆலயம் பழுது பார்க்கப்பட்டது. இன்று நாம் காணும் கட்டடம் பெரும்பாலும் அப்போதும் அதற்குப் பின்னரும் உருவானது. திருச்சபை இத்தகைய பகையை வெளிப்படையாகக் கண்டித்தது 1965-இல்தான். இரண்டாம் வாட்டிகன் சங்கத்தின் ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ என்னும் அறிக்கை, இயேசுவின் மரணத்துக்காக யூத இனம் முழுவதையும் குற்றஞ்சாட்டலாகாது என்றும், யூதர் மீதான வெறுப்பு எக்காலத்தது ஆயினும் யாருடையது ஆயினும் தவறு என்றும் கூறிற்று. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமை நகர யூதர் ஆலயத்துக்கு நேரில் சென்றார். ஓர் ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகும் தொலைவுதான். அதற்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

டச்சுக்காரர் காலம் கொச்சி யூதர்களுக்கு நல்ல காலம். அக்காலத்தின் பெரிய மனிதர் எசக்கியேல் ரஹபி. 1694-இல் பிறந்து 1771-இல் மறைந்த இவர் டச்சுக் கம்பெனியின் தலைமை வணிகர். மிளகு வாணிபத்தில் அரசர்களோடு பேசி முடிப்பவரும் அவரே. ஆலயத்தின் அழகில் பாதி அவருடைய கொடை. 1760-இல் மணிக்கூண்டு கட்டினார். அதன் கடிகார முகங்களில் எண்கள் எபிரேயம், ரோமன், மலையாளம் என வெவ்வேறு எழுத்துகளில் இருக்கின்றன. செபத்துக்கு வருபவரும், துறைமுகத்துக்கு வரும் ஐரோப்பியரும், அரண்மனையில் இருப்பவரும் அவரவர் எழுத்தில் மணி பார்த்துக்கொள்ளலாம்! பல்லாண்டுகள் ஓடாமல் நின்றிருந்த இம்மணிக்கூண்டு 1998-க்கும் 2001-க்கும் இடையே செப்பனிடப்பட்டது.

1762-இல் அவர் சீனாவின் காண்டன் நகரிலிருந்து நீலமும் வெண்மையுமான பீங்கான் ஓடுகளைத் தருவித்துத் தரை முழுதும் பதித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓடுகள். மரமும் பூவும் கையால் தீட்டியவை ஆதலால் ஒன்றைப்போல் மற்றொன்று அச்சாக இராது. இவ்வோடுகளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவை முதலில் அரண்மனைக்காக வந்தனவாம். அவற்றைச் செய்வதில் மாட்டின் இரத்தம் கலந்திருக்கிறது என்று யாரோ அரசரிடம் சொல்ல, அவர் வேண்டாமென்று ஒதுக்கினாராம். உடனே ரஹபி வாங்கிக்கொண்டாராம். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் அரசர் கொடுத்த நிலத்தில் அரசரையே ஏமாற்றித் தளம் போட்டார்கள் என்பதை நம்ப நமக்கு மனம் வரவில்லை.

உள்ளே நுழைவோம். வெளியிலிருந்து பார்த்தால் தடித்த வெள்ளைச் சுவரும் சாய்வான ஓட்டுக் கூரையும் கொண்ட மலையாள நாட்டுப் பெரிய வீடு போலவே இருக்கிறது. வாயிற்கட்டு, முற்றம், பிறகு ‘அசாரா’ எனப்படும் முன்னறை, அதற்கப்பால் செபக்கூடம். காலணிகளைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும். பிற நாட்டு யூதர்களுக்கு இந்த வழக்கம் இல்லை. கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே வாழ்ந்ததால் கொச்சி யூதர்க்கு இது வந்திருக்கும்.

செபக்கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பிகளால் வளைத்த மேடை ஒன்று உண்டு. அதுவே வாசகம் வாசிக்கும் இடம். மக்கள் சுவரையொட்டிய மரப் பெஞ்சுகளில் மேடையைச் சுற்றி அமர்வர். நம் கோவிலில் எல்லாரும் பீடத்தை நோக்கி வரிசையாக இருப்போம்; இங்கோ வாசிப்பவர் மக்களின் நடுவில் நிற்கிறார். நாசரேத்தில் எல்லாருடைய கண்களும் இயேசுவையே உற்று நோக்கின என்று லூக்கா எழுதியது இப்போது நன்றாக விளங்குகிறது. மேற்குச் சுவரில், எருசலேம் இருக்கும் திசையில், செதுக்கு வேலைப்பாடு மிக்க மரப் பேழை. நம் கோவிலில் நற்கருணைப் பேழைக்கு உள்ள மரியாதை அதற்கு உண்டு. அணையா விளக்கும் உண்டு. பேழைக்குள் மோயீசனின் ஐந்து நூல்களைத் தோற்சுருளில் கையால் எழுதிய தோரா சுருள்கள் இருக்கின்றன. அச்சிட்ட நூலைப் பயன்படுத்த மாட்டார்கள். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் திருத்தும்வரை அச்சுருளை வாசிக்கக் கூடாது. வெள்ளியும் பொன்னும் போர்த்த உறைகளில் அவற்றை வைத்து, மேலே முடி சூட்டி வைப்பார்கள். மரக் கூரையிலிருந்து பெல்ஜியம் நாட்டுக் கண்ணாடிச் சரவிளக்குகளும் வண்ணக் கண்ணாடி எண்ணெய் விளக்குகளும் தொங்குகின்றன. உருவச் சிலையோ படமோ ஒன்றும் இல்லை. பத்துக் கட்டளைகளில் சொன்னதை அவர்கள் அப்படியே கொள்கிறார்கள்.

இன்னொரு புதுமை. மாடியிலும் ஒரு வாசக மேடை உண்டு. திருநாள்களில் அங்கிருந்து வாசிப்பார்கள். இரண்டு மேடைகள் கேரளத்து யூதர் ஆலயங்களின் தனிச்சிறப்பு என்று கட்டடக் கலை கற்றவர்கள் கூறுகிறார்கள். அம்மேடைக்குப் பின்னே, மரத்தடுப்புக்கு அப்பால் பெண்கள் அமரும் பகுதி. வாசிப்பவர் மாடிக்கு வரும்போது பெண்களுக்கு மிக அருகில் நிற்கிறார்.

பெண்கள் என்றதும் அவர்களுடைய பாட்டுப் புத்தகங்களைச் சொல்லாமல் விடமாட்டோம். ஆலயத்துச் செபம் ஆண்களுடையது, எபிரேயத்தில் நடப்பது. ஆனால் கொச்சி யூதப் பெண்களிடம் மலையாளப் பாட்டுகள் நிறைய இருந்தன. திருமணப் பாட்டு, ஆலயம் கட்டிய பாட்டு, யோசேப்பையும் ரூத்தையும் பற்றிய விவிலியப் பாட்டு என்று பலவகை. அவற்றை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கும் தோழியிடமிருந்து தோழிக்கும் படியெடுத்துக் கொடுத்தார்கள். மற்ற நாடுகளில் ஆண்கள் முன் பெண்கள் பாடுவதைத் தடுத்த காலத்திலும் இங்கே திருமண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் பாடினார்கள். இன்று அறிஞர்கள் கொச்சி யூதர் வரலாற்றை எழுதும்போது இந்த நோட்டுப் புத்தகங்களையும் புரட்டிப் பார்க்கிறார்கள். நம் பாட்டிமார் எழுதி வைத்த பாஸ்குப் பாடல் நோட்டுகள் பெட்டியடியில் இருந்தால் எலி கடிக்குமுன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே.

இதுவரை கட்டடத்தின் அழகைச் சொன்னோம். இனி அந்த முன்னறைப் படியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாடு நாடாக விரட்டப்பட்டு, அயல் மதத்து அரசரால் அடைக்கலம் பெற்ற பரதேசி யூதர்கள், தமக்கு முன்பே இங்கு வாழ்ந்த மலபார் யூதர்களைச் சமமாக நடத்தவில்லை. தம்மை ‘வெள்ளை யூதர்’ என்றும் அவர்களைக் ‘கறுப்பு யூதர்’ என்றும் பிரித்தார்கள். பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். இது சரியா என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோ நகரத்துப் பெரிய ரபிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். உரிய சடங்கைச் செய்தபின் மணவுறவு கொள்ளலாம் என்று அவர் தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. இவர்களுக்கும் கீழே ‘மெஷூஹ்ராரிம்’ என்றொரு சிறு கூட்டம். அச்சொல்லுக்கு விடுவிக்கப்பட்டவர் என்று பொருள். பரதேசி யூதரின் வீடுகளில் அடிமைகளாக இருந்து யூத மதத்தில் சேர்ந்து விடுதலை பெற்றவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் இவர்கள். அதே மதம், அதே செபம், அதே ஓய்வுநாள். ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்னறைத் தரையிலும் படியிலும் இருந்துதான் செபிக்க வேண்டும். தோரா வாசிக்க அவர்களை மேடைக்கு அழைக்க மாட்டார்கள். இறந்தால் கல்லறையும் வேறு.

இப்பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலேம். எறணாகுளம் மகாராஜா கல்லூரியிலும் சென்னையிலும் படித்து வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். தொழிலாளர்களுக்காகப் பேசினார். 1929-இல் லாகூர்க் காங்கிரசுக்கும் சென்று வந்தார். ஊரெல்லாம் மதிக்கும் அந்த வழக்கறிஞர் தம் சொந்த ஆலயத்துக்குள் வந்தால் படியில்தான் உட்கார வேண்டும்! காந்தியடிகளின் வழியையே அவர் கைக்கொண்டார். தம் மக்களோடும் உறவினரோடும் ஆலயத்துள் சத்தியாக்கிரகம் செய்தார். வழிபாட்டைப் புறக்கணித்தும் பார்த்தார். கல் எறியவில்லை, கதவை உடைக்கவில்லை, வேறு ஆலயம் கட்டிக்கொண்டும் போகவில்லை. ஆண்டுகள் பல சென்றன. சிறிது சிறிதாகப் பெஞ்சுகளில் இடம் கிடைத்தது. வாசிக்கும் உரிமையும் கிடைத்தது. ‘யூத காந்தி’ என்று மக்கள் அவரை அழைத்தனர். பிற்காலத்தில் அவருடைய மகன் ஒருவர் ‘வெள்ளை’ப் பிரிவுப் பெண்ணை மணந்தபோது யூதர் தெருவே பரபரப்படைந்ததாம். சாலேம் 1967-இல் மறைந்தார்.

‘யூதர்களிடம் இப்படியா?’ என்று வியந்து பேசுவதற்கு நமக்கு உரிமை குறைவு. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில், ஒரு சாதியாரை மற்றொரு சாதியார் பார்க்காதபடி நடுவில் சுவர் வைத்து, இரண்டு கால்சட்டைக் கால்களைப் போல் கட்டிய கத்தோலிக்கக் கோவில் இருந்தது. 1910-இல் பங்குத் தந்தை அச்சுவரை இடித்தபோது வழக்கு மன்றம்வரை போனார்கள். நம் திருச்சியிலேயே மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். செப்பேட்டில் 72 உரிமைகளைப் பொறித்து வாங்கியவர்களுக்கும், நற்கருணை விருந்தில் ஒரே அப்பத்தை உண்பவர்களுக்கும், பக்கத்தில் உட்கார ஒருவருக்கு இடம் விடுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது!

1968-இல் ஆலயத்தின் 400-ஆம் ஆண்டு விழா மிகச் சிறப்பாக நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் நேரில் வந்து கலந்துகொண்டார். ஆலயத்தின் உட்புறத்தைக் காட்டும் தபால்தலையும் வெளியிடப்பட்டது. தபால்தலை சேகரிக்கும் தோழியர் தேடிப் பார்க்கலாம். ஆனால் அவ்விழாவின்போதே யூதர் தெருவின் பல வீடுகள் காலியாகிவிட்டன. 1948-இல் இஸ்ரேல் நாடு பிறந்தபோது கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் இருந்தனர். 1950-களில் மலபார் யூதர்கள் ஊர் ஊராகக் கப்பலேறினர். பரதேசி யூதர்களும் பின்னர் ஒவ்வொருவராகச் சென்றனர். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. ஆண்டுதோறும் ‘அடுத்த ஆண்டு எருசலேமில்’ என்று பாஸ்கா விருந்தில் வேண்டிக்கொண்ட மக்கள், வழி திறந்தவுடன் போனார்கள். கையில் தோரா சுருள்களையும் நோட்டுப் புத்தகங்களையும் கொண்டு போனார்கள். அங்கே நெவாதிம் என்ற ஊரில் கொச்சி முறையிலேயே ஆலயமும் அமைத்துக்கொண்டார்கள்.

யூத முறைப்படி பொதுவழிபாடு நடக்க 13 வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும். (பெண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்களுள் பலருக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.) படியில் உட்கார வைத்தவர்களையும் சேர்த்து எண்ணினாலும் பத்துப் பேர் தேறாத நாள் வந்தது. வெளிநாட்டு யூதர்கள் சுற்றுலா வரும்போது எண்ணிக்கை நிறைந்தால் வழிபாடு நடக்கும். 2019-இல் யூதர் தெருவில் எம்பிராய்டரிக் கடை வைத்திருந்த மூதாட்டி 96-ஆம் வயதில் காலமானார். ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணியும் ஆண்கள் அணியும் சிறு தொப்பியும் அவர் கையால் தைத்தவை. கடைசிக் காலத்தில் அவரைத் தாயாகப் பேணியவர் ஓர் இஸ்லாமிய அன்பர். அந்தத் துணிகளைத் தைக்கும் முறையையும் அவர் குடும்பத்தாரே கற்றுக்கொண்டனர். 2024-இல் பரதேசி யூதரின் கடைசிப் பெண்மணியும் மறைந்தார்.

மற்ற ஆலயங்கள் என்னவாயின? கேரளத்தில் மொத்தம் எட்டு இருந்தன. சேந்தமங்கலத்து ஆலயம் 2006-இலும் பரவூர் ஆலயம் 2014-இலும் செப்பனிடப்பட்டு அருங்காட்சியகங்களாகத் திறக்கப்பட்டன. சேந்தமங்கலத்தில் ‘சாரா, இஸ்ராயேலின் மகள்’ என்று எபிரேயத்தில் பொறித்த 1269-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் இருக்கிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது இதுவே என்பர். மட்டாஞ்சேரியில் பரதேசி ஆலயத்துக்கு அண்மையிலேயே மலபார் யூதரின் கடவும்பாகம் ஆலயம் இருந்தது. 1544-இல் கட்டியது, அதாவது பரதேசி ஆலயத்தைவிட மூத்தது. அதன் செதுக்கிய மரக் கூரையையும் பேழையையும் 1990-களில் பெயர்த்தெடுத்து எருசலேம் அருங்காட்சியகத்தில் பொருத்தினார்கள். இங்கே நின்ற வெறுஞ்சுவர்கள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2019-ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தன. ஓடுகளும் சரவிளக்குகளும் உள்ள ஆலயத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வரும் தெருவிலேயே இது நடந்தது.

கொச்சிக்குச் செல்லும் பெற்றோர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமை பிற்பகலும் சனிக்கிழமையும் யூதத் திருநாள்களிலும் ஆலயம் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. கையும் காலும் மூடிய அடக்கமான உடை வேண்டும். மணிக்கூண்டைப் பார்க்கும்போது எண்கள் வேறுபடுவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். முற்றத்துச் சுவரில் 1344-ஆம் ஆண்டுக் கல்லைத் தேடிப் பாருங்கள். பலர் கவனியாமல் போய்விடுகிறார்கள். பிறகு முன்னறையைத் தாண்டிச் செபக்கூடத்துக்குள் நுழையும்போது, நீலப் பூ ஓடுகளில் கால் வைக்குமுன், சாலேம் அமர்ந்திருந்த அந்தப் படியில் சற்று நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தாலும் நடுமேடையும் பேழையும் நேராகத்தான் தெரியும்.